இரு கைகள் எழுதும் கணக்கு

திண்டுக்கல் நாடாளுமன்றத் தொகுதியில் பழனி, ஒட்டன்சத்திரம், ஆத்தூர், நிலக்கோட்டை, நத்தம், திண்டுக்கல் என ஆறு சட்டமன்றத் தொகுதிகள் அடங்கும். வாக்காளர் தொகை ஏறத்தாழ 16 இலட்சம். பழனி மலையடிவாரம் தொடங்கி நத்தத்து மாந்தோப்புகள் வரை பரந்த இந்நிலப்பரப்பில் வாக்குக் கேட்டுச் செல்லும் வேட்பாளர் ஒருவர் சட்டப்படி செலவிடத்தக்க உச்சத் தொகை 95 இலட்சம் ரூபாய். வகுத்துப் பார்த்தால் ஆளுக்கு ஆறு ரூபாய் வரும். மணிக்கூண்டுப் பக்கத்துக் கடைகளில் அந்தக் காசுக்கு அரைக் குவளைத் தேநீர் கிடைக்கலாம்.

இவ்வரம்பு 2014 இல் 70 இலட்சமாக இருந்தது. பெருந்தொற்றை முன்னிட்டு 2020 அக்டோபரில் பத்து விழுக்காடு கூட்டி 77 இலட்சமாக்கினர். 2022 சனவரியில் 95 இலட்சமாயிற்று. சட்டமன்றத் தேர்தலுக்கு அதே காலத்தில் 28 இலட்சம், 30.80 இலட்சம், 40 இலட்சம். வரம்பு போதவில்லை என்பது கட்சிகளின் நெடுநாள் முறையீடு. ஆனால் வென்றவர்கள் காட்டும் கணக்கோ வரம்பின் அருகிலும் வருவதில்லை. 2014 இல் வென்ற நாடாளுமன்ற உறுப்பினர்களின் கணக்குகளைத் தொகுத்து ஆய்ந்த ஜனநாயக சீர்திருத்தங்களுக்கான சங்கம், அவர்தம் சராசரிச் செலவு 40.33 இலட்சம் என்று கண்டது. வரம்பில் 58 விழுக்காடு. மேடையில் போதாத தொகை தாளில் மிஞ்சுகிறது. இரண்டில் ஒன்று பொய்யாகத்தான் இருக்க வேண்டும். எது, எவ்வளவு பொய் என்று அளக்க இயலுமா என்பது அரசியலைவிட அளவியலைச் சேர்ந்த கேள்வி. அந்த முறையில்தான் இதை இங்கே அணுகுகிறேன்.

சட்டம் என்ன கேட்கிறது என்பதை முதலில் சொல்லிவிடலாம். 1951 ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 77 ஆம் பிரிவு, வேட்பாளராகும் நாள் முதல் முடிவு அறிவிக்கப்படும் நாள் வரை செய்த செலவுக்குத் தனிக்கணக்கு வைக்கச் சொல்கிறது. அதற்கு முன் ஓராண்டாகத் தொகுதியில் நடத்திய அன்னதானமும் கபடிப் போட்டிக்கு வழங்கிய பரிசும் இக்கணக்கில் வாரா. முடிவு வெளியான 30 நாளுக்குள் கணக்கை மாவட்டத் தேர்தல் அலுவலரான ஆட்சியரிடம் அளிக்க வேண்டும் என்கிறது 78 ஆம் பிரிவு. தக்க காரணமின்றித் தவறினால் மூன்றாண்டுத் தகுதியிழப்பு. கணக்கேட்டிலும் ஓர் ஒழுங்கு உண்டு: அன்றாடச் செலவுக்கு வெள்ளைத் தாள், ரொக்கத்துக்கு இளஞ்சிவப்புத் தாள், வங்கிக்கு மஞ்சள் தாள். வேட்புமனு அளிப்பதற்கு ஒரு நாள் முன்னதாகவேனும் தனி வங்கிக் கணக்குத் தொடங்க வேண்டும். ஒருவருக்கே 10,000 ரூபாய்க்கு மேல் கொடுப்பதெனில் அது வங்கி வழியாகவே செல்ல வேண்டும்.

இத்தனையும் இருந்தாலும் வேட்பாளர் எழுதுவது வேட்பாளரின் கணக்கே. செலவு செய்தவரே அதை எழுதுகிறார். குறைத்து எழுதினால் ஆதாயம் பெறுபவரும் அவரே. இத்தகைய ஒற்றைச் சான்றை எந்த ஆய்வுக்கூடமும் ஏற்காது. இதைத் தேர்தல் ஆணையமும் உணர்ந்திருக்கிறது. ஆகவே ஒவ்வொரு வேட்பாளருக்கும் நிழல் பதிவேடு என்ற இன்னொரு கணக்கை அலுவலர்கள் எழுதுகிறார்கள். ஒளிப்பதிவுக் குழு பேரணியைப் படம் பிடிக்கும். பார்வையிடும் குழு அப்படத்தை ஓட்டிப் பார்த்து நாற்காலி, பந்தல், ஒலிபெருக்கி, ஊர்தி என எண்ணும். கணக்குக் குழு அதை ஏட்டில் ஏற்றும். பரப்புரைக் காலத்தில் குறைந்தது மூன்று முறை வேட்பாளரின் ஏட்டை இந்த நிழல் ஏட்டோடு ஒப்பிடுகிறார்கள். வேறுபாடு கண்டால் அறிவிப்பு அனுப்புகிறார்கள். இந்தியத் தேர்தல் நிதிச் சட்டத்தின் மிகக் கூர்மையான கருவி இதுவே என்று நான் கருதுகிறேன். வரம்புகளையும் தண்டனைகளையும் பற்றிப் பேசுவோர் இதைப் பெரும்பாலும் கடந்து போய்விடுகிறார்கள்.

நிழல் ஏட்டில் ஏறும் ஒவ்வொரு பொருளுக்கும் விலை வேண்டும். அதற்கென மாவட்டத் தேர்தல் அலுவலர் கட்சிகளைக் கலந்து ஒரு விலைப்பட்டியல் வெளியிடுகிறார். இட்லி, தேநீர், தண்ணீர்ப்புட்டி, பிரியாணி, மாலை, பட்டாசு, மேளம், தட்டி, நாற்காலி வாடகை என எல்லாவற்றுக்கும் அரசு குறித்த விலை. பிரியாணிக்குப் பெயர்போன ஊரில் ஒரு பொட்டலத்தின் விலையை ஆட்சியர் அலுவலகம் வரையறுக்கும்போது கட்சிக்காரர்கள் எவ்வளவு குறைத்துப் பேசுவார்கள் என்பதை வாசகரே கற்பனை செய்து கொள்ளலாம்.

இந்த விலைப்பட்டியல் அறிவியல் வழியில் ஒரு விந்தையான விளைவைத் தருகிறது. அதை விளக்கச் சற்று விலகிச் செல்ல வேண்டும். 1881 இல் அமெரிக்க வானியலர் சைமன் நியூகோம், மடக்கை அட்டவணை நூல்களில் முற்பக்கங்களே மிகுதியாக அழுக்கேறித் தேய்ந்திருப்பதைக் கண்டார். 1 இல் தொடங்கும் எண்களையே மக்கள் மிகுதியாகத் தேடுகின்றனர் என்பது அதன் பொருள். 1938 இல் இயற்பியலர் ஃபிராங்க் பென்ஃபோர்ட், ஆற்றுப் படுகைகளின் பரப்பு முதல் மக்கள்தொகை வரை பல்வகை எண்களைத் திரட்டி இதை விதியாக நிறுவினார். பல பதின்மடங்கு விரிந்து கிடக்கும் இயல்பான எண்தொகுதியில், முதல் இலக்கம் 1 ஆக அமைவது 30.1 விழுக்காடு; 9 ஆக அமைவது 4.6 விழுக்காடு மட்டுமே. மனத்தால் புனைந்து எழுதும் எண்கள் இந்த ஒழுங்கைப் பின்பற்றுவதில்லை. வரிக்கணக்குத் தணிக்கையில் இது இன்று பழகிய கருவி. வெண்டி டாம் சோ, பிரையன் கெயின்ஸ் ஆகிய இருவரும் 2007 இல் அமெரிக்கத் தேர்தல் நிதிக் கணக்குகளில் இதைப் பொருத்திப் பார்த்தனர். விலகல் களவுக்குச் சான்று ஆகாது. எங்கே தோண்ட வேண்டும் என்று காட்டும் குறி மட்டுமே.

நம் வேட்பாளர் கணக்கில் இந்தக் கருவி மழுங்கிப் போகிறது. பிரியாணி, நாற்காலி, ஊர்தி வாடகை யாவும் அரசு குறித்த விலையின் மடங்குகளாக வருவதால், மெய்க்கணக்கிலும் இலக்கங்கள் ஒரே இடத்தில் குவியும். மேலே வரம்பு என்ற சுவர் வேறு நிற்கிறது. பட்டியல் விலையால் பெருக்கி எழுதிய பொய்யும் மெய்யும் இலக்க அளவில் ஒரே முகம் காட்டும். எண்களின் தோற்றத்தை மட்டும் வைத்து நேர்மையை அறிய இயலாத நிலை இது.

ஆயின் வேறொரு வழி உண்டு. அதன் வேர் இந்திய மண்ணிலேயே இருக்கிறது. கொல்கத்தாவை அடுத்த சிங்கூர்ப் பகுதியில் பிறப்பும் இறப்பும் முழுமையாகப் பதிவாகின்றனவா என்று அறிய, பதிவாளரின் பட்டியலையும் வீடுதோறும் சென்று கேட்டோரின் பட்டியலையும் ஒப்பிட்டனர். அத்தரவைக் கொண்டு சந்திரசேகர் என்ற இந்தியப் புள்ளியியலரும் எட்வர்ட்ஸ் டெமிங் என்ற அமெரிக்கரும் 1949 இல் ஒரு முறையை வெளியிட்டனர். ஒரே நிகழ்வுத் தொகுதியை ஒன்றையொன்று சாராத இருவர் எண்ணினால், இருவர் கண்ணுக்கும் தப்பியவை எத்தனை என்பதையும் மதிப்பிடலாம் என்பது அதன் சாரம். ஏரியில் மீன்களைப் பிடித்துக் குறியிட்டு விட்டு, மறுபடி வலை வீசி மொத்தத்தை மதிப்பிடும் முறையும் இதன் உறவே.

தேர்தலில் இதைப் பொருத்திப் பார்ப்போம். ஒரு வேட்பாளர் தம் ஏட்டில் 60 தெருமுனைக் கூட்டங்களை எழுதியிருக்கிறார் எனக் கொள்வோம். நிழல் ஏட்டில் 50. இரண்டிலும் பொதுவாக உள்ளவை 40. அறுபதை ஐம்பதால் பெருக்கி நாற்பதால் வகுத்தால் 75 வரும். இரு ஏடுகளையும் சேர்த்துக் கண்டவை 70. ஆகவே எவர் ஏட்டிலும் ஏறாத கூட்டங்கள் ஐந்து இருந்திருக்கக் கூடும். எளிய கணக்குதான். ஆனால் இன்று இரு ஏடுகளுக்கும் உள்ள வேறுபாட்டை வேட்பாளரின் தலையில் ஏற்றுவதோடு ஒப்பீடு முடிந்து விடுகிறது. பொதுவாய் நின்றவை எத்தனை என்பதிலிருந்து காணாமற் போனவற்றை மதிப்பிடும் அடுத்த படிக்கு எவரும் ஏறுவதில்லை.

ஏறினாலும் ஒரு பள்ளம் காத்திருக்கிறது. இரு எண்ணிக்கையும் ஒன்றையொன்று சாராதவையாய் இருந்தால் மட்டுமே இக்கணக்குச் செல்லும். கூட்டத்துக்கும் ஊர்திக்கும் வேட்பாளர் முன் இசைவு பெற வேண்டும். அந்த இசைவுப் பட்டியலைப் பார்த்தே ஒளிப்பதிவுக் குழுவும் புறப்படுகிறது. அப்படியானால் இரு கைகளும் ஒரே பட்டியலைப் படியெடுக்கின்றன. பொதுவானவை மிகும், மதிப்பீடு குறையும், கணக்கு அழகாய் ஒத்துப் போகும். ஒத்துப் போவதே மெய் என்று அலுவலர் கையொப்பமிடுவார். இசைவு கேளாமல் நடப்பதை இரு ஏடுகளும் ஒருசேரத் தவறவிடும். இரவில் வீடு வீடாகக் கைமாறும் பணத்துக்கோ இரண்டு ஏட்டிலும் ஏறும் நிகழ்தகவு சுழி. சுழியை எந்தச் சூத்திரத்தாலும் பெருக்கி எடுக்க முடியாது.

அந்தப் பணம் எவ்வளவு பெரியது என்பதற்குத் திண்டுக்கல்லுக்கு வடக்கே, கரூர்ச் சாலையில் உள்ள அரவக்குறிச்சியே சான்று. 2016 மே மாதச் சட்டமன்றத் தேர்தலில் வாக்காளர்க்குப் பணம் வழங்கிய காரணத்தால் அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும் வாக்குப்பதிவு நிறுத்தப்பட்டுப் பின் நீக்கப்பட்டது. நவம்பர் 19 அன்றுதான் மறுபடி நடந்தது. 2017 ஏப்ரலில் சென்னை இராதாகிருட்டிணன் நகர் இடைத்தேர்தலுக்கும், 2019 இல் வேலூர் நாடாளுமன்றத் தேர்தலுக்கும் அதே கதி. தொகுதி முழுவதற்கும் தேர்தலை நீக்கும் அளவுக்கு ஓடிய பணம் எந்த வேட்பாளரின் வெள்ளைத் தாளிலும் இடம் பெறவில்லை.

இதைத் தடுக்கச் சாலையில் நிற்பவை பறக்கும் படைகளும் நிலையான கண்காணிப்புக் குழுக்களும். 50,000 ரூபாய்க்கு மேல் உரிய தாளின்றி எடுத்துச் சென்றால் பறிமுதல் என்பது நடைமுறை. ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தைக்குக் கேரளத்திலிருந்து வரும் வணிகரும், நிலக்கோட்டைப் பூச்சந்தையில் விடியலில் கொள்முதல் செய்பவரும், தோலும் பூட்டும் வெங்காயமும் விற்பவரும் பெரும்பாலும் ரொக்கத்தில் புழங்குபவர்கள். தாளைக் காட்டினால் மாவட்ட அளவிலான மூவர் குழு பணத்தைத் திருப்பித் தரும். ஆனால் அதற்குள் தக்காளி அழுகிவிடும். தேர்தல் வெளிப்படைத்தன்மையின் விலையை முதலில் செலுத்துபவர் தேர்தலுக்கே தொடர்பில்லாத இவர்தாம். எல்லை கடந்து உள்ளே வந்து, பகுத்து, வார்டுவாரியாகப் பதுக்கப்பட்ட பணத்தைச் சோதனைச் சாவடி பிடிப்பது அரிது. சாவடி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது பிடிக்கும் மீனின் அளவு சிறியது என்கிறேன்.

வேட்பாளர் கணக்கில் இன்னொரு பெரிய ஓட்டையை நாடாளுமன்றமே வெட்டியது. அவ்வரலாற்றுக்கும் திண்டுக்கல்லுக்கும் ஒரு தற்செயல் உறவு இருக்கிறது. 1972 அக்டோபரில் தொடங்கப்பட்ட அண்ணா திராவிட முன்னேற்றக் கழகம் தன் முதல் வெற்றியைப் பெற்றது 1973 மே மாதத் திண்டுக்கல் நாடாளுமன்ற இடைத்தேர்தலில். இரட்டை இலைச் சின்னத்தில் கே. மாயத்தேவர் வென்றார். வாக்குச்சீட்டில் இருந்தது அவர் பெயர். மக்கள் திரண்டது எம்.ஜி.ஆரைக் காண. தலைவர் ஒருவர் ஊர் ஊராக வந்து வாக்குக் கேட்டால் அச்செலவு யாருடையது? அடுத்த ஆண்டு, 1974 அக்டோபர் 3 அன்று, தில்லி சதர் தொகுதி பற்றிய கன்வர் லால் குப்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் இக்கேள்விக்கு விடை சொன்னது: வேட்பாளர் அறிந்து இசைந்திருக்கக் கட்சி அவருக்காகச் செய்த செலவும் அவர் கணக்கில் சேரும். அதே மாதத்தில் ஓர் அவசரச் சட்டம் வந்து அத்தீர்ப்பைச் செல்லாததாக்கியது. கட்சியும் நண்பர்களும் செய்யும் செலவு வேட்பாளர் செலவாகாது என்ற விளக்கம் 77 ஆம் பிரிவில் ஏறியது.

அதே 1974 அக்டோபரில் அமெரிக்காவில் வாட்டர்கேட் ஊழலின் பின்விளைவாக, தேர்தல் நிதிக் கணக்குகளை வாங்கி வெளியிடவென்றே தனி ஆணையம் நிறுவும் சட்டத்தில் குடியரசுத் தலைவர் ஃபோர்டு கையொப்பமிட்டார். ஒரே திங்களில் இரு மக்களாட்சிகள் எதிரெதிர்த் திசையில் நடந்தன. இங்கே அந்த ஓட்டை 2003 இல்தான் சுருக்கப்பட்டது. இன்று ஏற்புபெற்ற கட்சிக்கு 40 நட்சத்திரப் பேச்சாளர்கள்; அவர்களின் பயணச் செலவு மட்டும் கட்சிக்கணக்கு. வேட்பாளர் அதே மேடையில் ஏறினாலோ அவர் படம் அங்கே தொங்கினாலோ கூட்டச் செலவில் அவருக்கும் பங்கு. வேட்பாளர்கள் மேடைக்குக் கீழே நின்று கையசைக்கும் காட்சிக்கு இவ்விதியே காரணம். கட்சி செய்யும் பொதுச்செலவுக்கு இன்றளவும் உச்சவரம்பு இல்லை.

கட்சிக்கு வரும் பணத்தில் இரு ஏடுகளை ஒப்பிடும் முறை எவ்வாறு வேலை செய்கிறது என்பதற்குத் தேர்தல் பத்திர வழக்கைவிடச் சிறந்த பாடம் இல்லை. 2018 சனவரியில் நடைமுறைக்கு வந்த தேர்தல் பத்திரத் திட்டத்தில் வாங்கியவர் பெயர் ஒரு புறமும், பெற்ற கட்சி மறுபுறமும் பாரத ஸ்டேட் வங்கியில் தனித்தனியே கிடந்தன. 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐவர் அமர்வு அதை நீக்கியது; வழக்காடியவற்றுள் மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியும் ஒன்று. சில திங்களில் திண்டுக்கல்லிலிருந்து நாடாளுமன்றம் சென்றவர் அக்கட்சியின் ஆர். சச்சிதானந்தம். மார்ச் 14 அன்று இரு பட்டியல்களும் வெளிவந்தன. அவை பக்கம்பக்கமாய் இருந்தும் யார் யாருக்குக் கொடுத்தார் என்று எவராலும் சொல்ல இயலவில்லை. மார்ச் 21 அன்று ஒவ்வொரு பத்திரத்தின் மறைவெண்ணும் வெளியான பின்னரே இரண்டும் இணைந்தன. இரு ஏடுகளைப் பொருத்த ஒரு பொது அடையாளம் வேண்டும் என்ற சிங்கூர்ப் பாடத்தையே நாடு அன்று மறுபடி கற்றது. தி.மு.க. தான் பெற்ற 656.5 கோடியில் 509 கோடி ஃபியூச்சர் கேமிங் என்ற லாட்டரி நிறுவனம் தந்தது என்பதை முன்னரே தெரிவித்திருந்தது. மறைவெண் வந்தபின் அதை எவரும் சரிபார்க்க முடிந்தது.

அதே கட்சியின் 2019 தேர்தல் கணக்கு இன்னொரு சான்று. இந்திய கம்யூனிஸ்ட் கட்சிக்கு 15 கோடி, மார்க்சிஸ்ட் கட்சிக்கு 10 கோடி, கொங்குநாடு மக்கள் தேசியக் கட்சிக்கு 15 கோடி வழங்கியதாக அதில் எழுதியிருந்தது. கொடுத்தவர் எழுதியதால் பெற்றவரும் விளக்கம் தர நேர்ந்தது. அவ்விளக்கம் சரியா என்பது வாக்காளர் முடிவு. ஆணையத்திடம் அளித்த ஒரு தாள் இல்லையேல் அந்தப் பேச்சே எழுந்திராது.

இதுவரை பேசியவை நாடாளுமன்றம் இயற்றிய சட்டங்கள். மாநிலச் சட்டமன்றத்தின் கையில் முழுமையாக உள்ளது உள்ளாட்சித் தேர்தல். அரசியல் சட்டத்தின் 243 கே பிரிவு ஊராட்சிக்கும், 243 இசட்ஏ பிரிவு நகர அமைப்புகளுக்கும் அவ்வுரிமையை வழங்குகின்றன. 1994 ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் அவ்வாண்டில் அமைந்த மாநிலத் தேர்தல் ஆணையமும் அதன் பயன். கணக்குக் காட்டாதவர்க்கும் அவர் உறவினர்க்கும் குடவோலையில் இடமில்லை என்று உத்திரமேரூர்க் கல்வெட்டு பத்தாம் நூற்றாண்டிலேயே விதித்ததை இங்கே பெருமையோடு நினைவுகூர்வது வழக்கம். அது பதவியில் இருந்தோர் காட்ட வேண்டிய கணக்கு. ஓலையைக் குலுக்கி எடுத்த முறையில் பரப்புரைச் செலவுக்கு இடமே இல்லை.

இன்றைய வரம்புகள் வேறு கதை. 2019 திசம்பர்த் தேர்தலில் ஊராட்சி வார்டு உறுப்பினர்க்கு 9,000 ரூபாய், ஊராட்சித் தலைவர்க்கு 34,000, ஒன்றிய உறுப்பினர்க்கு 85,000, மாவட்ட ஊராட்சி உறுப்பினர்க்கு 1,70,000 என வரையறுத்தனர். இங்கும் 30 நாள் கெடு, மூன்றாண்டுத் தகுதியிழப்பு. திண்டுக்கல் மாவட்டத்தின் 14 ஒன்றியங்களிலும் உள்ள 306 ஊராட்சிகளில் ஒவ்வொரு வார்டுக்கும் ஒளிப்பதிவுக் குழு அனுப்பி நிழல் ஏடு எழுதுவது நடவாத செயல். ஆகவே வேட்பாளர் தாமே எழுதிய தாளே பெரும்பாலும் ஒரே சான்றாக நிற்கிறது. 34,000 ரூபாய்க்குள் ஒரு தலைவர் வென்றதாக அத்தாள் சொல்லும். அதை ஏற்பதா மறுப்பதா என்று சொல்ல இரண்டாவது தாள் இல்லை.

இத்தனைக்கும் ஊரில் செலவு மறைவதே இல்லை. யார் வீட்டு முன் எத்தனை ஆடு அறுபட்டது, எந்தப் பந்தல்காரருக்கு இன்னும் பாக்கி, எத்தனை ஆட்டோ ஓடியது என்பது டீக்கடைக்கே தெரியும். இரண்டாவது ஏடு ஊரின் நினைவில் இருக்கிறது, எழுதப்படவில்லை, அவ்வளவே. நூறு நாள் வேலைத் திட்டத்தில் கூலிக் கணக்கை மக்கள் முன் படித்துச் சரிபார்க்கும் சமூகத் தணிக்கை தமிழ்நாட்டில் நடைமுறையில் உள்ளது. அதைப் போலவே வேட்பாளர் கணக்குகளையும், தோற்றவர் கணக்கு உட்பட, கிராமசபையில் உரக்கப் படிக்க வேண்டும் என்று சட்டமன்றம் ஒரு விதி சேர்க்கலாம். செலவாகும் பணம் ஒன்றுமில்லை. ஒன்றிய அரசின் விதிகளில் ஒரு ரூபாய் கட்டினால் எவரும் வேட்பாளர் கணக்கைப் பார்வையிடலாம் என்ற உரிமை 1961 முதல் இருக்கிறது. ஒரு ரூபாய் கட்டி ஆட்சியர் அலுவலகம் சென்றவர் எத்தனை பேர் இருப்பார்? கணக்கு ஊருக்கு வந்தால் அந்த அலைச்சல் இல்லை.

இதில் ஒரு முட்டுக்கட்டை உண்டு. கிராமசபைக்குத் தலைமை வகிப்பவர் ஊராட்சித் தலைவர். அவர் கணக்கை அவரே தலைமையேற்ற அவையில் மறுத்துப் பேச எவர் எழுவார்? குறிப்பாகக் காலனிப் பக்கத்திலிருந்து? ஆகவே அந்த ஓர் அமர்வுக்கு மட்டும் வெளி ஒன்றியத்து அலுவலர் தலைமை ஏற்க வேண்டும். மறுப்பை வாயால் சொல்லாமல் சீட்டில் எழுதிப் பெட்டியில் இடவும் இடம் வேண்டும். சீட்டில் வந்தவற்றை வேட்பாளர் தாளோடு ஒப்பிட்டு, பொதுவானவை எத்தனை, தனித்தவை எத்தனை என்று மாநிலத் தேர்தல் ஆணையம் ஒன்றியவாரியாக வெளியிட்டால், சந்திரசேகர் சூத்திரத்தைப் போட ஒரு பள்ளி ஆசிரியர் போதும்.